அந்த ஒன்லியை எடுத்துட்டுச் சொல்லுங்க

பனியனோடு நடந்துகொண்டிருந்தேன். சட்டையைக் கழற்றிக் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்தாயிற்று. அது கம்பெனிச் சட்டை. நெஞ்சுப் பக்கம் ‘செக்யூரிட்டி’ என்று மஞ்சள் நூலில் தைத்திருக்கும். என் சொந்தச் சட்டை ஒன்று பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மாசி வெயில் முதுகில் விழுந்தால் விழட்டும் என்று இருந்தது.

இடது பக்கம் கம்பி வேலி கூடவே வந்தது. வேலிக்குள் கண்ணுக்கு எட்டின மட்டும் சோலார் பேனல்கள். வலது பக்கம் உளுந்து பிடுங்கிய காடு. கரிசல் வெடித்து, செருப்போடு கால் நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரிகிற விலக்கு வரை நடந்தால் கோவில்பட்டிக்கு பஸ் வரும். கோவில்பட்டியில் இறங்கி என்ன செய்வது என்பதை பஸ்ஸில் யோசித்துக்கொள்ளலாம்.

வேலை போவது எனக்குப் புதிதில்லை. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். வேலை பார்ப்பதைவிட வேலையை விட்டு நடப்பதில்தான் எனக்கு அனுபவம் அதிகம். கேரளத்துக் கல்குவாரியில் மேஸ்திரியோடு சண்டை. திருப்பூரில் தறுதலை என்று பெயர். போர்வெல் லாரியில் காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

ஒரு இங்கிலீஷ் சொல்லுக்காக வேலை போனது இதுதான் முதல் தடவை.

அந்தச் சொல் ஒன்லி.

டேங்க் மூடியில் எழுதியிருந்தது

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் பையைக் கடாசிவிட்டு நான் ஏறியது ஒரு லாரியில். கோவில்பட்டியிலிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி. எனக்கு கிளீனர் வேலை. தினமும் டீசல் டேங்க்கைத் துடைக்க வேண்டும். அதன் மூடிக்குப் பக்கத்தில் சிவப்பு பெயின்டில் இரண்டு இங்கிலீஷ் சொற்கள் இருந்தன. முதல் சொல் டீசல். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். இரண்டாவது பிடிபடவில்லை. டேங்க் செய்த கம்பெனியின் பெயராக இருக்கும் என்று முடிவு செய்தேன். மற்ற லாரிகளிலும் அதே பெயர் இருந்ததைப் பார்த்து, பெரிய கம்பெனி போல என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவர் அய்யாத்துரை அண்ணாச்சியிடம் ஒருநாள் கேட்டேன்.

“இந்த ஓன்லை கம்பெனி எந்த ஊர்ல இருக்கு?”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். சேலம் தாண்டியும் அவருக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

“ஏலே, அது ஒன்லி. டீசலை மட்டும்தான் ஊத்தணும்னு போட்டிருக்கு. உன்னைய மாதிரி ஆளுக மூத்திரத்தை ஊத்திரக் கூடாதுல்லா.”

இப்படித்தான் எனக்கு அதன் முதல் அர்த்தம் தெரிந்தது. மட்டும். அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அந்தச் சொல் கண்ணில் பட்டது. பஸ்ஸில் லேடீஸ் ஒன்லி. ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் ஒன்லி. ஒன்லி எழுதிய கதவுக்குள் எனக்கு வேலை இல்லை என்று பழகிக்கொண்டேன். பிற்பாடு சோலார் பிளான்ட் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, தலைக்கு மேல் தொங்கிய போர்டிலும் கடைசிச் சொல் அதுதான். அனுமதி உள்ளவர்கள் ஒன்லி. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு உள்பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐ ஆம் மேனேஜர் ஒன்லி

இன்னொரு அர்த்தத்தை பெங்களூரில் பார்த்தேன். அங்கே ஒரு மெஸ்ஸில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லாவில் பரமசிவம் இருப்பான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், என் வயசுதான். மெஸ்ஸுக்கு அவன்தான் மேனேஜர். தினமும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய வாட்ச்.

ஒருநாள் சாம்பாரில் ஒரு ஈ மிதந்தது. சாப்பிட வந்தவர் கோபமாக, மேனேஜரைக் கூப்பிடு என்று இங்கிலீஷில் கத்தினார். பரமசிவம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

“ஐ ஆம் மேனேஜர் ஒன்லி சார்.”

“தென் கால் த ஓனர்,” என்றார் அவர்.

பரமசிவத்துக்கு ஒன்றும் புரியவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாக, ஒன்லியை அழுத்திச் சொன்னான். அவரும் சத்தமாக ஓனரைக் கூப்பிடச் சொன்னார். இரண்டு பேரும் இப்படியே மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்து மேஜையில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன்தான் விஷயத்தை உடைத்தான்.

“அண்ணே, நீங்க வெறும் மேனேஜர்தான்னு சொல்லுறீங்க. அதான் அவரு உங்களுக்கு மேல உள்ள ஆளக் கேக்குறாரு.”

பரமசிவத்தின் முகம் விழுந்துவிட்டது. அன்று முழுக்க என்னிடம் புலம்பினான்.

“நான்தான் மேனேஜர்னு சொன்னேன்டே. தானுக்கு ஒன்லிதான? வேற என்ன இருக்கு?”

எனக்கும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நம்முடைய தான் மட்டும் ஒழுங்கா என்ன? நான்தான் என்று சொன்னால் ஆள் ஒரு முழம் உயர்கிறான். அவ்வளவுதான் என்றால் கதை முடிந்தது. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடவைத்ததும் ஒரு தான்தான். கணக்கு வாத்தியார் என் காதைப் பிடித்துத் திருகி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“நீ ஆடு மேய்க்கத்தாம்லே லாயக்கு.”

உயர்த்துகிற தானா, இறக்குகிற தானா என்பது நமக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். இங்கிலீஷ்காரன் காதில் மனுஷனோடு ஒட்டிய ஒன்லி பெரும்பாலும் இறக்கித்தான் விடுகிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஈ விழுந்த சாம்பாரில் தெரிந்துகொண்டேன். எப்படியோ, அது தெரிந்திருந்ததால்தான் இந்த வம்பு.

பாதையை யாரும் விற்கவில்லை

பிளான்ட்டில் பேனல் கழுவ பக்கத்து ஊர்ப் பெண்கள் வருவார்கள். நீளக் கம்பில் துணி மாப்பு கட்டி, டேங்கர் லாரித் தண்ணீரை அடித்துத் தேய்க்க வேண்டும். தூசி படிந்தால் கரண்ட் குறைந்துவிடுமாம். அந்தப் பெண்களில் ஒருத்தி முத்துமாரி. நாற்பது வயசு இருக்கும். பத்தாவது வரை படித்தவள். இன்ஜினியரிடம் எதுவானாலும் நேரே இங்கிலீஷில் பேசுவாள். மற்றவர்கள் கேலி செய்தால், “ஏன், என் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?” என்பாள்.

அவள் வீட்டில் ஆடுகள் உண்டு. அந்தத் தெருவில் இன்னும் நாலு வீட்டிலும் உண்டு. ஐந்து வீட்டு ஆடுகளையும் மாரியின் மாமனார் சுப்பையாதான் மேய்க்கப் பத்திக்கொண்டு போவார். ஊருக்குக் கிழக்குக் கோடியில் வீடுகள். மேற்கே கண்மாய். நடுவில் மானாவாரிக் காடு. காட்டின் ஊடே ஒரு வண்டிப்பாதை.

சோலார் கம்பெனி நடுக்காட்டை வாங்கி வேலி போட்டதும் பாதை வேலிக்குள் மாட்டிக்கொண்டது. சுற்றிப் போனால் கண்மாய்க்கு இரண்டு மைல். சுப்பையாவுக்கு இடுப்பு தேய்ந்துபோய், கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

நான் கிழக்கு கேட்டில் காவலுக்கு வந்த முதல் வாரமே மாரி வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, ஆட்டைக் குறுக்க விடணும். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாவியக் குடுங்க, நானே திறந்துக்கிடுதேன்.”

“போர்டைப் பாத்தியா மாரி? அனுமதி உள்ளவங்க மட்டும்னு போட்டிருக்கு.”

“காட்டை வித்தவுக காட்டைத்தான் வித்தாக. பாதையை யாரும் விக்கல. ஆட்டுக்குத் தாகம் எடுத்தா அது போர்டைப் படிக்குமாக்கும்.”

சாவியைக் கொடுத்துவிட்டேன். பெரிய யோசனை எல்லாம் இல்லை. நான் என்ன நாட்டு எல்லையிலா நிற்கிறேன்? ஆடு தண்ணீர் குடிக்கப் போகிறது. பேனல் குளிக்க லாரி லாரியாகத் தண்ணீர் வருகிற இடத்தில் ஆடு கண்மாய்க்குப் போகக் கூடாது என்றால், அதை நான் எப்படி ஒரு ஆட்டிடம் சொல்வது?

மேற்கு கேட்டில் காவல் இருந்த சுடலையும் அதே மாதிரிதான். நான் விட்டால் அவன் விடுவான். ஆடுகள் பேனல் வரிசைக்கு நடுவே சத்தமில்லாமல் போய்விடும். சில மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை.

சாரி சொன்னால் போதும்

நான் சட்டையைக் கழற்றின அன்று காலை, இன்ஜினியரின் ஜீப் சொல்லாமல் கொள்ளாமல் கிழக்கு கேட்டுக்கு வந்துவிட்டது. கேட் திறந்து கிடக்கிறது. உள்ளே ஆடுகள். அதில் ஒரு குட்டி பேனல் மேல் ஏறி நின்று, பளபளவென்று இருந்த கண்ணாடியில் தன் முகத்தையே முட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரி அன்றைக்குத்தான் கழுவிய பேனல். அதில் வரிசையாகக் குளம்புச் சுவடு.

இன்ஜினியர் வடக்கத்திப் பையன். எனக்கு ஒரு மகன் இருந்தால் அவன் வயசு. கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எங்களுக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுத்தவர். தமிழில் வாங்க, போங்க, சாப்பாடு, மூன்றும் தெரியும்.

“ஹூ ஓப்பன்ட் திஸ் கேட்?”

நான் வாய் திறப்பதற்குள் மாரி மாப்புக் கம்பைச் சாத்திவிட்டு முன்னால் வந்தாள். நெஞ்சில் உள்ளங்கையால் தட்டினாள்.

“ஐ ஒன்லி ஓப்பன் சார்.”

இன்ஜினியரின் முகம் தணிந்தது. எனக்கு உடனே பரமசிவம் ஞாபகம் வந்தது. அவர் என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது இதுதான்: பாவம், இந்த அம்மா கேட்டைத் திறக்க மட்டும்தான் செய்திருக்கிறாள். திறக்கச் சொன்ன ஆள் வேறு யாரோ. ஆட்டுக்காரன் யார் என்று கேள், அவன் மேல் கம்ப்ளைன்ட் கொடுக்கலாம். இவள் சாரி சொன்னால் போதும், விட்டுவிடுகிறேன். பூட்டை மட்டும் மாற்றிவிடு.

ஆட்டுக்காரர் சுப்பையா அந்த நேரம் பேனலுக்குப் பின்னால் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

நான் மாரியிடம் மெதுவாகச் சொன்னேன். “தப்பிச்ச போ. சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மாப்பை எடு.”

“என்ன தப்பிச்சேன்? அவரு என்ன சொல்லுதாரு?”

சொன்னேன். வெறும் கேட்டைத் திறந்தவள் என்று அவர் எடுத்துக்கொண்டார் என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் சிவந்துவிட்டது.

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நான்தான்னுல்லா சொன்னேன்.”

“அது இங்கிலீஷ்ல அப்படி ஆயிட்டு. விடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“எங்க மாமாவப் பிடிச்சுட்டுப் போனா நல்லதா? இந்தா பாருங்க, சாரின்னு நான் சொல்லிட்டா அது அவுக பாதைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். நாளப்பின்ன எவளும் இங்கன வந்து கேக்க முடியாது. நான் கேட்டைத் திறக்கல. எங்க பாதையத் திறந்தேன். நான்தான் திறந்தேன். நாளைக்கும் திறப்பேன். அவர்ட்ட அந்த ஒன்லியை எடுத்துட்டுச் சொல்லுங்க.”

“சொன்னா வேலை போயிரும் மாரி.”

“போகட்டும். கழுவுத வேலைதான.”

அந்தத் தான் இறக்குகிற தான். அது எனக்குக் குரலிலேயே தெரிந்தது.

இரண்டு வேலை என் வாயில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தப்பான இங்கிலீஷ் எங்களைக் காப்பாற்றத் தயாராக நின்றது. ஆனால் ஒருத்தி நெஞ்சைத் தட்டிச் சொன்னதை நான் எப்படிக் குனிந்து கும்பிட்டுச் சொன்னதாக மாற்றுவது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கூட்டினேன்.

“சார், நோ ஒன்லி. ஷீ ஓப்பன். ஃபுல் ஓப்பன். ரோடு ஹெர் வில்லேஜ் ரோடு. ஓல்டு மேன் நோ மிஸ்டேக். டுமாரோ ஆல்சோ ஓப்பன்.”

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவளுக்கு ஒரு நல்லது செய்யப் பார்த்தேனே என்கிற வருத்தம் முகத்தில் தெரிந்தது. சாவி யார் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன். மேற்கு கேட்டை யார் திறந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கம்ப்ளைன்ட் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் இனி வர வேண்டாம். ஆடுகள் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும்.

சட்டையைக் கழற்றினேன்.

வாத்தியார் சொன்னது

வேலி ஒரு மூலையில் திரும்புகிறது. அங்கே ஒரு வேலிக்கருவை மரத்து நிழலில் சுப்பையா உட்கார்ந்திருந்தார். சுற்றுப்பாதையில் போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி, அதற்கு மேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஆடுகள் நாலா பக்கமும் சிதறி நின்றன. மாரி கையில் குச்சியோடு அங்கும் இங்கும் ஓடி மடக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, பனியனோட எங்கன ஓட்டம்?”

“பஸ்ஸுக்கு.”

“அங்க யாரு உங்களுக்குச் சோத்துக்கு எல போட்டு வச்சுட்டு நிக்கா?”

பையை வைத்துவிட்டு, தெற்கே போன இரண்டு கிடாக்களைத் திருப்பி விட்டேன்.

“நாளையிலிருந்து நீ ஆடு பத்தப் போறியா?” என்றேன்.

“நான் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேன்ல ஏறிருவேன். வீட்ல உலை கொதிக்கணும்லா. மாமாவால இந்தச் சுத்து சுத்த முடியாது. வித்துரலாம்ங்கான் எதுத்த வீட்டுக்காரன். வித்துட்டா அப்புறம் பாதைய யாரு கேப்பா? ஆடே இல்ல, ஒனக்கு என்னத்துக்குப் பாதைன்னுருவான்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆடுகள் நடந்தால்தான் அது பாதை.

சுப்பையா கம்பால் தரையைத் தட்டினார். “இந்தத் தம்பியக் கேளேன்.”

மாரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஆடு பத்துதீங்களா? அஞ்சு வீட்லயும் முறை வச்சுச் சோறு போடுவோம். பருத்தி மூட்டை போடுத கிட்டங்கி சும்மாதான் கெடக்கு, படுத்துக்கிடலாம். கூலியும் பிரிச்சுக் குடுத்துருவோம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டாள். கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொன்னேன். அந்த ஒரு பேச்சுக்கு ரோஷப்பட்டு நான் எத்தனை ஊர் போனேன் என்றும் சொன்னேன்.

அவள் கொஞ்சமும் இரக்கப்படவில்லை.

“உங்க வாத்தியாரு சரியாத்தான் சொல்லிருக்காரு. நீங்கதான் வேலைக்கு லேட்டா வந்திருக்கீங்க.”

தூரத்தில் கோவில்பட்டி பஸ் விலக்கில் நின்று, ஹாரன் அடித்துக் கிளம்பியது. நான் பையிலிருந்து என் சொந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஐந்து பட்டிகளையும் திறந்துவிட்டோம். ஒரு தூக்குச்சட்டி நிறைய கம்மங்கஞ்சி. மூடியில் இரண்டு சுட்ட வத்தல். தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, மாரி ஓடிக்கொண்டே எனக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தாள்.

“மொதல்ல கேட்டுக்குப் போங்க. திறக்கச் சொல்லிக் கேளுங்க. இல்லைன்னா சுத்திப் போங்க. கேக்காம மட்டும் சுத்திராதீங்க அண்ணாச்சி. கேக்காம சுத்துனா அதுவே பாதையாயிரும்.”

கிழக்கு கேட்டில் சுடலையை மாற்றிப் போட்டிருந்தார்கள். புதுப் பூட்டு தொங்கியது. கம்பத்தில் புதிதாக ஒரு கேமராவும் மாட்டியிருந்தார்கள். என் சட்டை நான் மாட்டிய இடத்திலேயே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகள் வழக்கம்போல கேட்டுக்கு நேராக வந்து நின்று கம்பியில் மூக்கை உரசின. சுடலைக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அண்ணாச்சி, என் பொழப்பைக் கெடுக்காதீய.”

“உன்னைய யாருடே கெடுக்கா? நான் கேக்குதேன், நீ இல்லைன்னு சொல்லு. அதான் வேலை. திறக்கியா?”

“இல்ல.”

“நாளைக்கு வாரேன்.”

அதற்குள் அவன் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. ஆட்டுச் சத்தம் கேமராவில் கேட்காது, ஆனால் ஆடு தெரியும் போல. இன்ஜினியரின் குரல். கேட்டில் யார் என்று கேட்டது. சுடலை திருதிருவென்று விழித்தான்.

“என்ன சொல்லட்டும்?”

“இங்கன குடு.”

கம்பி இடுக்கு வழியாக வாங்கி, பொத்தானை அமுக்கினேன். முந்தின நாள் மாரி தட்டியது போலவே நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன்.

“ஐ ஒன்லி சார்.”